கேமராவில் ஒரு கண், காலடியில் ஒரு கண்

பின்னோக்கி நடந்தபடியே படமெடுப்பது எங்கள் தொழிலில் அநேகமாக எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். தெற்குக் கலிபோர்னியாவில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பழைய வண்டிக்காரர்கள் வாகன நிறுத்தங்களில் கூடுவார்கள். அப்படியொரு கூட்டத்தில், 1932ஆம் ஆண்டு ஃபோர்டு ரோட்ஸ்டர் (இரண்டு இருக்கைத் திறந்த கார்) ஒன்றை முழுதாகச் சட்டகத்துக்குள் கொண்டுவர, நான் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தேன். வலது கண் வ்யூஃபைண்டரில் இருந்தது; இடது கண் மூடியிருந்தது. “நில்லு” என்று என் கணவரின் குரல் கேட்டதும் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது, பின்னோக்கி வந்த, துணிக்கூரை மூடிய கன்வெர்ட்டிபிள் ஒன்றின் குரோம் பம்பர் என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது. எனக்குக் குரல் கொடுத்த அதே நொடியில் அவர் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியைக் கையால் தட்டியிருக்கிறார். அதனால்தான் வண்டியும் நின்றது.

ஓட்டியவர் பதறிப்போய் இறங்கி வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பழைய கன்வெர்ட்டிபிளின் கூரையை மூடிவிட்டால், பின்பக்கத்து இரு மூலைகளும் துணியால் அடைபட்டுப் போகின்றன. இருக்கும் சிறிய பிளாஸ்டிக் சன்னலும் வெயிலில் மஞ்சளித்து மங்கியிருக்கும். கூரைத் தூண்களை வெட்டித் தாழ்த்திய, ஹாட் ராட் எனப்படும் மாற்றிக் கட்டிய வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். கண்ணாடியின் உயரம் சில அங்குலமே மிஞ்சுகிறது. இந்த வண்டிகளைப் படமெடுக்க வருகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்: கேமராவை முகத்தில் வைத்த நமக்கும் அவர் தெரியமாட்டார், உள்ளே உட்கார்ந்திருக்கும் அவருக்கும் நாம் தெரியமாட்டோம். இருவருமே பார்க்காத அந்த இடத்தைப் பார்ப்பதற்கு மூன்றாவதாக ஒருவர் வேண்டும். என் தொழிலில் அந்த ஒருவர் என் கணவர்.

ஹாட் ராட் என்பது தொழிற்சாலையில் வந்தபடி இல்லாமல், வேகத்துக்காகப் பிரித்து, எடை குறைத்து, மாற்றிக் கட்டிய வண்டி. 1930களில் கலிபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு வண்டிகளை ஓட்டி வேகத்தை அளந்தார்கள். அவர்களுடைய மன்றங்கள் ஒன்றுசேர்ந்து 1937இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கத்தை அமைத்தன. எடையைக் குறைப்பதற்காக மட்கார்டுகளைக் கழற்றினார்கள். எஞ்சினின் பக்கத் தகடுகளையும் கழற்றி வைத்தார்கள். அன்று அவசியத்துக்காகச் செய்தது பின்னர் அழகாகிவிட்டது. 1950இல் ஓக்லாந்தில் தொடங்கி இப்போது பொமோனாவில் நடக்கும் ரோட்ஸ்டர் கண்காட்சிக்குப் போனால், எஞ்சினும் அச்சும் வெளியே தெரியும்படி நிற்கும் வண்டிகளை வரிசை வரிசையாகப் பார்க்கலாம். சாதாரணக் காரில் தகட்டுக்குள் மறைந்திருக்கும் சூடும் சுழற்சியும் இவற்றில் நம் கைக்கும் ஆடைக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

பக்கவாட்டில் நீளமாக ஓடும் சைலன்சர் குழாயை ‘லேக் பைப்’ என்பார்கள். அந்த ஏரிப்படுகைகளிலிருந்து வந்த பெயர் அது. தாழ்ந்த கோணத்துக்காக மண்டியிட்டவள், எழும்போது அதில் கெண்டைக்காலை ஒட்டிவிட்டேன். எஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. குரோம் பூச்சு சூட்டை வெளியே காட்டிக்கொள்ளாது. ஆறி வந்த அந்தத் தழும்பு இன்றும் இரண்டு விரல் அகலத்துக்கு இருக்கிறது. அன்று என் கணவர் வண்டியின் மறுபுறம் பிரதிபலிப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து, நான் தரையில் இறங்கினால் பலகையைக் கீழே வைத்துவிட்டு அவர் என் பக்கம் வந்து நிற்பது என்று வைத்துக்கொண்டோம். ஒளி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

துப்பட்டா, புடவைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல், தொங்கும் கேமரா வார் ஆகிய நான்கும் திறந்த எஞ்சின் விசிறியின் அருகிலும் திறந்த சக்கரத்தின் அருகிலும் போகவே கூடாது. நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927இல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது, அவர் கழுத்தில் சுற்றியிருந்த நீண்ட துணி திறந்த காரின் பின்சக்கரத்தில் சிக்கியதால்தான். நம்மவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த காரை அலங்கரித்து ஊர்வலம் வருவது நமக்குப் பழகிய காட்சி. இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களும் திருமணப் படங்களுக்காகப் பழைய கன்வெர்ட்டிபிள்களை வாடகைக்கு எடுக்கின்றன. மணமக்களை இருக்கையின் முதுகுப் பலகைமேல் உட்காரவைத்து, வண்டி நகர, தலைப்பு காற்றில் பறக்கும்படி ஒரு படம் வேண்டும் என்று கேட்பார்கள். நான் எடுப்பதில்லை. வண்டியை நிறுத்திவைத்து, தலைப்பின் நுனியை என் கணவர் சட்டகத்துக்கு வெளியிலிருந்து பிடித்து வீசிவிட, அவர் கை விட்ட கணத்தில் எடுக்கிறேன். படத்தில் காற்று இருக்கும், ஆபத்து இராது.

ஓடும் வண்டியைப் பற்றியும் அதே பிடிவாதம் எனக்கு உண்டு. வேகத்தைக் காட்ட வண்டி வேகமாக ஓட வேண்டும் என்ற எண்ணம் தவறானது. மணிக்கு 32 கிலோமீட்டரில் போகும் வண்டி, விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நகர்கிறது. அதற்குள் சக்கரம் சுமார் 50 பாகை சுழன்றுவிடும். ஷட்டரை அந்த நேரத்துக்கு வைத்து, வண்டியின் போக்கிலேயே கேமராவைத் திருப்பினால், ஆரக்கால்கள் கரைந்து ஒளிவட்டமாகும், பின்னணி கோடுகளாக இழுபடும். அனுமதி பெற்ற தனியார் பாதையில், ஓரமாக நின்றே இதைச் செய்யலாம். முன்னே செல்லும் வண்டியின் திறந்த பின்கதவில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு எடுப்பவர்களைப் பார்க்கிறேன். விழுந்துவிடும் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதது ஒன்றும் இருக்கிறது. பின்கதவு திறந்தபடி ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, அதன் புகையே உள்ளே இழுக்கப்படுகிறது. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலியை வெயிலால் வந்தது என்று எண்ணிக்கொண்டு வேலையைத் தொடர்வோம்.

வண்டிக்கும் ஓர் எல்லை உண்டு. 1932இல் வந்த ஃபோர்டின் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் 3.6 லிட்டர் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்டது; அந்த வகை எஞ்சினில் சூடான புகை வெளியேறும் வழிகள் எஞ்சின் கட்டைக்குள்ளேயே, குளிர்விக்கும் நீரைத் தொட்டுக்கொண்டு ஓடுகின்றன. ஆகவே அது எளிதில் கொதிக்கும். கோடை வெயிலில், “இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை” என்று ஊர்ந்து வரச்சொல்லிக்கொண்டே இருந்தால், உரிமையாளர் முகதாட்சண்யத்துக்காக ஒப்புக்கொள்வார், எஞ்சின் ஒப்புக்கொள்ளாது. எனக்கு நேரம் போவது தெரியாது. என் கணவர் கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் ஆனதும் கையை உயர்த்திவிடுவார்.

பெயின்ட் விஷயத்தில் அவர் என்னைவிடக் கண்டிப்பானவர். கேண்டி பெயின்ட் என்பது வெள்ளி அல்லது பொன் நிறத்து உலோக அடிப்பூச்சின்மேல், ஒளி ஊடுருவும் வண்ணப் பூச்சைப் பல முறை அடித்து ஆழம் கூட்டுவது. எத்தனை பூச்சு என்பதைப் பொறுத்தே நிறம் அமைவதால், கீறிய இடத்தை மட்டும் திருத்தி மறுபடி அதே நிறத்தைக் கொண்டுவருவது மிகக் கடினம். பல நேரம் அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். அதனால் காலையில் வண்டியை நெருங்குமுன்பே இருவரும் பெல்ட், மோதிரம், கடிகாரம், வளையல் அனைத்தையும் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறோம். தூசியைக் காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. எவ்வளவு மிருதுவான துணியானாலும், தேய்ப்பது அதற்கடியில் சிக்கிய மணல்துகள்தான். துடைக்க வேண்டும் என்று தோன்றினால் உரிமையாளரிடம் சொல்கிறோம், அவரே துடைப்பார். அவர் கேட்காமல் கதவைக்கூடத் தொடுவதில்லை.

பளபளப்பில் நம் உருவம் விழுவது இன்னொரு தொல்லை. போலரைசர் ஃபில்டர் கண்ணாடியிலும் பெயின்டிலும் விழும் பிரதிபலிப்பை அடக்கும். குரோமில் அது பலிக்காது, உலோகத்தின் பிரதிபலிப்பு வேறு வகை. ஆகையால் நாங்கள் இருவரும் கறுப்பு உடைதான் உடுத்துகிறோம். நான் கேமராவில் கோணம் வைத்ததும், அவர் மெல்ல இடம் மாறி மாறி நிற்பார். பம்பரில் அவர் உருவம் எப்போது மறைகிறதோ அங்கே நிறுத்துகிறேன். ஆனால் படத்தின் பொருட்டு அவரை நான் நிறுத்தும் இடம், சாலையும் என் முதுகும் அவருக்குத் தெரியும் இடமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராத இடத்தில் பிரதிபலிப்பைப் பின்னர் கணினியில் நீக்கிக்கொள்கிறேன்.

பதிவு எண்ணை மறைக்கலாமா என்பதை உரிமையாளரிடம் எப்போதும் கேட்டுவிடுங்கள். வீட்டுக் கொட்டகையில் எடுத்த படமானால், கோப்பில் பதிந்திருக்கும் இருப்பிட விவரத்தை நீக்காமல் எங்கும் வெளியிடாதீர்கள். விலைமதிப்புள்ள வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்பதைத் திருடர்களுக்கு நாம் எழுதிக்கொடுக்கக் கூடாது.

கணவனும் மனைவியுமாக வேலை செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. உதவியாளர் “நில்லுங்கள்” என்றால் நிற்போம், வீட்டுக்காரர் சொன்னால், “ஏன், என்ன இப்போது?” என்று கேட்கத் தோன்றும். ஆரம்ப காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வி எடுத்துக்கொள்ளும் இரண்டு விநாடியில் ஒரு வண்டி எவ்வளவு தூரம் வரும் என்பதை அந்தக் குரோம் பம்பர் எனக்குக் காட்டியது. இப்போது ‘நில்லு’ என்ற சொல்லை நாங்கள் வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை. கோணம் சரியில்லை என்று சொல்ல வேறு சொல், வெளிச்சம் போகிறது என்று சொல்ல வேறு சொல். நின்ற பிறகுதான் காரணம் பேசுகிறோம்.

சூரியன் மறைந்தபின் வரும் இருபது நிமிடம் இந்த வண்டிகளுக்கு ஏற்ற நேரம். வானம் முழுவதும் ஒரே மெல்லிய விளக்காகி, பானட்டிலிருந்து பின்பக்கம் வரை ஓடும் வளைவு ஒரே கோடாகத் தெரியும். வெளிச்சம் குறையக் குறைய, வீடு திரும்பும் வண்டிகள் நகரத் தொடங்குவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் அவர் வேறெதையும் கையில் பிடிப்பதில்லை. பிரதிபலிப்புப் பட்டை தைத்த மஞ்சள் சட்டையைக் கறுப்பு உடைமேல் மாட்டிக்கொண்டு, வண்டிகள் வரும் பக்கம் பார்த்தபடி, என் தோளுக்கு ஓரடி தள்ளி நிற்கிறார். முக்காலியில் கேமரா, ஷட்டர் ஒரு விநாடி திறந்திருக்கிறது. அது மூடும் ஒலி கேட்டதும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: “ஆச்சா?” நான் ஆம் என்று சொல்லும்வரை அவர் திரும்புவதில்லை.