பார்க்கலாம், ஆனால் தேட முடியாது: தமிழ் ஆய்வேடும் பிடிஎஃப்/ஏ கோப்பும்

ஆய்வேட்டை எழுதி, திருத்தி, நெறியாளரிடம் கையெழுத்தும் வாங்கிய பிறகு கடைசியாக ஒரு நிபந்தனை வந்து நிற்கும்: கோப்பு பிடிஎஃப்/ஏ வடிவத்தில் இருக்க வேண்டும். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இது கட்டாயம். பிடிஎஃப் தெரியும், அதென்ன கூடவே ஒரு 'ஏ' என்று யோசிக்க அந்த நேரத்தில் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. இணையத்தில் கிடைக்கும் ஏதாவது ஒரு மாற்றியில் போட்டு, வந்ததை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். (வெளிவராத ஆய்வை முகம் தெரியாத ஒருவரின் சர்வரில் ஏற்றுகிறோம் என்பதும் அப்போது நினைவுக்கு வருவதில்லை.) அந்த 'ஏ' எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தரவில்லை என்பது தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

பிடிஎஃப் 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட வடிவம். எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் வட்டில் இடம் அருமையாக இருந்த காலம் அது. டைம்ஸ், ஹெல்வெட்டிகா, கூரியர் உள்ளிட்ட 14 எழுத்துருக்கள் எல்லோரிடமும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, கோப்புக்குள் அவற்றின் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்று விட்டார்கள். மற்ற எழுத்துருக்களையும் சேர்க்காமல் விடலாம். திறக்கும் கணினி தன்னிடம் உள்ள ஏதோ ஒன்றைப் போட்டு ஒப்பேற்றிக்கொள்ளும். பின்னால் கடவுச்சொல், ஜாவாஸ்கிரிப்ட், ஒலி, ஒளி என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அன்றாட வேலைக்கு இதெல்லாம் வசதிதான். ஐம்பது ஆண்டு கழித்துத் திறக்கப் போகிறவருக்குத்தான் தலைவலி.

நீதிமன்ற ஆவணங்களைக் காலகாலத்துக்கும் வைத்திருக்க வேண்டிய அமெரிக்க நீதிமன்ற நிர்வாகமும் அச்சு, ஆவண மேலாண்மைத் துறையினரும் சேர்ந்து தொடங்கிய முயற்சி, 2005இல் ஐஎஸ்ஓ 19005 என்ற தரமாக வெளிவந்தது. அதுதான் பிடிஎஃப்/ஏ. இது புதிய வடிவம் இல்லை. பிடிஎஃப்பில் எதெல்லாம் கூடாது, எதெல்லாம் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் விதிப்பட்டியல். வெளியூர் போகிறவர் கட்டுச்சோறு கட்டிக்கொள்வதுபோல, பக்கத்தைக் காட்டத் தேவையான அத்தனையையும் கோப்பே சுமந்து செல்ல வேண்டும். போகிற இடத்தில் கிடைக்கும் என்று எதையும் நம்பக் கூடாது.

முதல் விதி எழுத்துரு. பயன்படுத்திய ஒவ்வோர் எழுத்துருவும் கோப்புக்குள் பதிந்திருக்க வேண்டும். அந்த 14க்கும் விலக்கு கிடையாது. முழு எழுத்துருவும் தேவையில்லை, ஆய்வேட்டில் வந்த வடிவங்கள் மட்டும் இருந்தால் போதும். பெரும்பாலான ஆய்வேடுகள் தடுக்கி விழுவது இங்கேதான், அதுவும் எதிர்பாராத மூலையில். உரை முழுவதும் ஒழுங்காகப் பதிந்திருக்கும். நான்காம் இயலில் ஒரு வரைபடம் காலை வாரிவிடும். புள்ளியியலுக்குப் பலரும் பயன்படுத்தும் 'ஆர்' மென்பொருள், தன் வரைபடங்களைப் பிடிஎஃப்பாக எழுதும்போது இயல்பாகவே ஹெல்வெட்டிகாவின் பெயரை மட்டும் எழுதிவிட்டு எழுத்துருவை விட்டுவிடும். அந்தப் படத்தை ஆய்வேட்டில் செருகினால் குறையும் சேர்ந்தே உள்ளே வரும். அச்சுகளில் உள்ள நாலு எண்களுக்காக முழுக் கோப்பும் தேர்வில் தோற்கும்.

கடவுச்சொல் கூடாது. ஆய்வை யாரும் நகலெடுத்துவிடக் கூடாது என்று பூட்டுப் போட்டவர்கள் பூட்டைக் கழற்றித்தான் தர வேண்டும். நிறத்துக்கும் விதி உண்டு. சிவப்பு என்பது வெறும் எண். அந்த எண் எந்த நிற வெளியைச் சேர்ந்தது என்று சொல்லும் குறிப்பும் கோப்பில் இருக்க வேண்டும். 2005இல் வந்த தரத்தின் முதல் பகுதியில் ஒளிபுகும் நிறங்களுக்கே இடமில்லை. வரைபடத்தில் கோட்டைச் சுற்றி மங்கலாக ஒரு பட்டை போட்டிருந்தால், மாற்றும் மென்பொருள் அந்த இடத்தைப் புள்ளிப்படமாகவே தட்டிவிடக்கூடும்; கோடு மழுங்கும், கோப்பு ஊதும். 2011இல் வந்த இரண்டாம் பகுதி இதை அனுமதிக்கிறது. பல்கலைக்கழகம் எந்தப் பகுதி என்று சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டாம் பகுதியையே எடுங்கள்.

'நான் பிடிஎஃப்/ஏ' என்று கோப்பு தன்னைப் பற்றியே எழுதி வைத்துக்கொள்ள ஓர் இடமும் உண்டு. அடோபியின் அக்ரோபாட் மென்பொருளில் திறந்தால் மேலே நீலப்பட்டை ஒன்று வருவது இதனால்தான். அந்தப் பட்டையில் உள்ளதைக் கவனித்துப் படித்தால், கோப்பு அப்படி உரிமை கொண்டாடுகிறது என்று மட்டும்தான் சொல்லும். உண்மையா என்று பார்க்க வேறொரு கருவி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் தொடங்கிய வெராபிடிஎஃப் இலவசம், திறந்த மூலம். எந்த விதி, எந்த இடத்தில் மீறப்பட்டது என்று பட்டியலே போட்டுக் கொடுத்துவிடும்.

வெராபிடிஎஃப் பச்சைக்கொடி காட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பில் 'ஆய்வேடு' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். கண்ணெதிரே பக்கத்தில் இருக்கும் சொல், இல்லை என்று வரலாம். அதையே நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் 'ஆய்ேவடு' என்று விழலாம்.

காரணம் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. பிடிஎஃப் எழுத்தைச் சேமிப்பதில்லை, வடிவத்தைச் சேமிக்கிறது. 'இன்ன எழுத்துருவின் 87ஆம் வடிவத்தை இந்தப் புள்ளியில் வை, அடுத்து 112ஐ வை' என்பது போன்ற கட்டளைகள்தான் அதில் இருப்பவை. எந்த வடிவம் எந்த யூனிகோடு எழுத்து (ஒவ்வோர் எழுத்துக்கும் கணினிகள் பொதுவாக வைத்துக்கொண்ட எண்) என்று சொல்ல ஒரு அட்டவணை தனியாக இருக்கும். தேடலும் நகலெடுப்பும் அதை நம்பித்தான் நடக்கின்றன. ஆங்கிலத்துக்கு இது போதும், இடமிருந்து வலமாக எழுத்தும் வடிவமும் ஒன்றுக்கொன்று. தமிழில் 'வே' என்று தட்டும்போது யூனிகோடு வரிசையில் முதலில் 'வ', பிறகு ஏகாரக் குறி. பக்கத்தில் வரையும்போது இரட்டைக் கொம்பு முதலில், 'வ' பிறகு. கோப்பில் பதிவது வரைந்த வரிசை. அட்டவணை கொம்பையும் சரியாகச் சொல்லும், 'வ'வையும் சரியாகச் சொல்லும். இரண்டையும் இடம் மாற்ற வேண்டும் என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது. 'கொ' இன்னும் மோசம்: ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிளந்து 'க'வின் இரண்டு பக்கமும் உட்காரும். மரம், நிலம், கல்வி எல்லாம் தப்பித்துவிடும். எகர, ஏகார, ஐகார, ஒகர, ஓகார, ஔகாரம் ஏறிய சொற்கள்தான் மாட்டிக்கொள்ளும். தமிழில் ஒரு பத்தியை எழுதி இவற்றை எண்ணிப் பாருங்கள்.

பிடிஎஃப்/ஏ என்ற பெயருக்குப் பின்னால் ஒட்டும் எண்ணும் எழுத்தும் இங்கேதான் பொருள் பெறுகின்றன. 1பி, 2பி என்றால் பக்கம் பார்வைக்கு மாறாது, அவ்வளவுதான். உள்ளே எழுத்து எப்படிக் கிடந்தாலும் கவலையில்லை. அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்த வெறும் படங்கள்கூட 1பியில் தேறிவிடும். இரண்டாம் பகுதியோடு வந்த 2யு, ஒவ்வொரு வடிவத்துக்கும் யூனிகோடு தெரிய வேண்டும் என்கிறது. 1ஏ, 2ஏ இன்னும் ஒரு படி மேலே: தலைப்பு எது, பத்தி எது, பட்டியல் எது என்ற கட்டமைப்பும் வேண்டும். 2யு எடுத்தால் தமிழ் தப்பித்துவிடும் என்று தோன்றும். தப்பிக்காது. கொம்புக்கு யூனிகோடு இருக்கிறது, 'வ'வுக்கும் இருக்கிறது, விதி நிறைவேறிவிட்டது. வரிசை சரியா என்று எந்தச் சோதனைக் கருவியும் கேட்பதில்லை. அதற்குத் தமிழ் தெரிய வேண்டுமே.

தீர்வு பிடிஎஃப்பிலேயே உண்டு, அதன் பெயர் ஆக்சுவல்டெக்ஸ்ட். 'இந்த மூன்று வடிவங்களும் சேர்ந்து உண்மையில் கொ' என்று அந்த இடத்திலேயே எழுதி வைக்கும் வசதி. இதை யார் எழுதுவது என்பதுதான் கேள்வி. கோப்பை முதன்முதலில் உருவாக்கும் மென்பொருளுக்கு மட்டுமே மூல எழுத்து வரிசை தெரியும்; அப்போது விட்டால் விட்டதுதான். லிப்ரே ஆபிஸின் அண்மைய பதிப்புகள் இப்படிச் சிக்கலான இடங்களில் தாமாகவே எழுதுகின்றன. ஸீடெக் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு அதற்குள்ளேயே இதற்கென ஓர் அமைப்பு (செட்டிங்) உண்டு. இயல்பாக அது அணைந்திருக்கும், ஆவணத்தின் தொடக்கத்தில் அதன் மதிப்பை 1 ஆக்க வேண்டும். அதன் பிறகு பிடிஎஃப்பை கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மாற்றும் மென்பொருளில் போட்டு மாற்றாமல் இருப்பது நல்லது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பைப் பழுது பார்ப்பதில்லை, முழுக்கப் புதிதாக எழுதுகிறது. அந்த மறுஎழுத்தில் இந்தக் குறிப்புகள் தங்கும் என்று நம்ப முடியாது. முடிந்தவரை மூல ஆவணத்திலிருந்தே நேரடியாகப் பிடிஎஃப்/ஏவாக ஏற்றுமதி செய்யுங்கள்.

இவ்வளவும் யூனிகோடில் தட்டியவர்களுக்கு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஆய்வேடு வேறு கதை. பாமினியில் 'தமிழ்' என்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேடம். எழுத்துரு பதிந்திருந்தால் அந்தக் கோப்பும் 1பியில் தேறும். 2யுவில்கூடத் தேறிவிடும், ஏனென்றால் 'ஜே' என்பதும் முறையான யூனிகோடு எழுத்தே. இதற்கு ஆக்சுவல்டெக்ஸ்ட் உதவாது. உரையை யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்து, பக்க எண்களைச் சரிசெய்துவிட்டுத்தான் பிடிஎஃப் பக்கமே வர வேண்டும். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பாமினியில் குவிந்த ஆய்வுகள் தேடலில் சிக்காமல் இருப்பதில் இதற்குப் பெரிய பங்குண்டு.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்தும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்துக்குப் போகின்றன. அது டிஸ்பேஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. பிடிஎஃப்பிலிருந்து உரையைப் பிரித்தெடுத்து அட்டவணைப்படுத்தும் வசதி டிஸ்பேஸில் உண்டு. அப்படிப் பிரிக்கும்போது 'ஆய்ேவடு' என்று வந்தால் அதுதான் தேடல் அட்டவணையில் ஏறும். தலைப்பும் சுருக்கமும் தனியே தட்டி ஏற்றுவதால் அவை அகப்படும். 300 பக்க உடம்பு அகப்படாது.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். கொ, வே, தை, போ மாதிரி எழுத்துகள் நிறைய வரும் பத்தி ஒன்றை எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரைபடத்துத் தலைப்பையும் நூற்பட்டியலில் ஒரு வரியையும் விட்டுவிடாதீர்கள், அவை பெரும்பாலும் வேறு எழுத்துருவில் இருக்கும். லினக்ஸில் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் என்ற கட்டளை, எந்த எழுத்துரு பதிந்திருக்கிறது, எதற்கு யூனிகோடு அட்டவணை இருக்கிறது என்று வரிசைக்கு ஒன்றாகக் காட்டும். இவையெல்லாம் சரியாக வந்த பிறகு வெராபிடிஎஃப். 2012இல் வந்த மூன்றாம் பகுதி, மூல ஆவணத்தையே பிடிஎஃப்புக்குள் இணைப்பாக வைக்கவும் இடம் தருகிறது. எல்லா நூலகமும் அதை ஏற்காது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.