நாய்க்கு வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வது ஏன்?

குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் வாசகர் ஒருவரின் கடிதமே இந்தக் கட்டுரைக்குக் காரணம். மூன்று வயதான அவருடைய லேப்ரடார் நாய் ஒரு விடியற்காலையில் திடீரென்று பக்கவாட்டில் சரிந்து, நான்கு கால்களும் விறைத்து, பின்பு நீந்துவதுபோல் காற்றை உதைத்து, வாயில் நுரை தள்ளி, படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓர் இரும்புச் சாவியைத் தேடி எடுத்துவந்து அதன் முன்னங்காலில் வைத்து அழுத்தியிருக்கிறார். சற்று நேரத்தில் வலிப்பு அடங்கியது. மறுநாள் நாயைப் பரிசோதித்த கால்நடை மருத்துவரோ, "இனி வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்; ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் காத்திருக்காமல் மருந்து கொடுத்துவிட்டுப் புறப்பட்டு வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். "சாவிக்கு அடங்கிய ஒன்றுக்குக் கடிகாரம் எதற்கு ஐயா? அதுவும் ஏன் ஐந்து நிமிடம்?" என்பது ஆசிரியையின் கேள்வி.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் வளர்ந்த மணி என்ற நாட்டு நாய்க்கும் இதே நோய் இருந்தது. முதல் முறை வந்தபோது அரை மணி நேரம் துடித்ததாகவே மருத்துவரிடம் சொன்னேன். அடுத்த முறை என் மனைவி கைப்பேசியில் படம் பிடித்திருந்தார். முழு வலிப்பும் ஒரு நிமிடம் ஐம்பது நொடிதான். அன்பான ஓர் உயிர் கண்முன்னே துடிக்கும்போது நம் மனம் அளக்கும் நேரத்தை நம்ப முடியாது என்பதை அன்று அறிந்துகொண்டேன். ஆகவே கடிகாரம் வேண்டும் என்பதற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம் நரம்பணுவின் சவ்வுக்குள் இருக்கிறது. அதுவே இந்தக் கட்டுரையின் உயிர்.

நாயின் பெருமூளைப் புறணியில் ஏறக்குறைய 53 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை தத்தம் வேலைக்கேற்ப வெவ்வேறு நேரத்தில் மின் துடிப்புகளை அனுப்புவதே இயல்பான நிலை. பெருந்திரளான அணுக்கள் ஒரே தாளத்தில் ஒன்றாகத் துடிக்கத் தொடங்கினால் அதுவே வலிப்பு. கல்லீரல் கோளாறு, சர்க்கரைக் குறைவு, நஞ்சு, மூளைக் கட்டி போன்ற காரணம் எதுவும் அகப்படாமல், பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்கித் திரும்பத் திரும்ப வருவதைத்தான் மருத்துவர்கள் முதன்மை வலிப்பு நோய் என்கிறார்கள். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பீகிள் போன்ற இனங்களில் இதற்கு மரபுத் தொடர்பு உண்டு.

பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுகின்றன. இதற்கான ஏற்பாடு மூளையிலேயே இருக்கிறது. வெறிகொண்டு துடிக்கும் அணுக்கள் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூற்றை மிக வேகமாகச் செலவிடுகின்றன. அது சிதைந்து அடினோசின் என்னும் பொருளாகச் சேர்கிறது. அந்த அடினோசின் அருகிலுள்ள நரம்பணுக்களின் ஏற்பிகளில், அதாவது வேதிப்பொருள்கள் வந்து பொருந்தும் புரதங்களில், பொருந்தி அந்த அணுக்களை அடக்குகிறது. எரிந்த விறகின் சாம்பலே தணலை மூடி அவிப்பதைப் போன்றது இது. சாவி தேடி எடுத்துவர ஒரு நிமிடம், அதைக் காலில் வைத்து அழுத்த ஒரு நிமிடம் என்று கணக்கிட்டால், அடினோசின் தன் வேலையை முடிக்கும் நேரமும் சாவி வந்து சேரும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. பெரியவர் பொய் சொல்லவில்லை; அவர் கண்டது உண்மை, காரணம் மட்டும் வேறு. ஆனாலும் இந்த நம்பிக்கையைத் தீங்கற்றதென்று நான் விட்டுவிட மாட்டேன். தானாக நிற்காத வலிப்பு ஒரு நாள் வரும்போது, சாவியை நம்பி இழக்கும் நிமிடங்களுக்கு விலை உண்டு.

அந்த விலை என்ன என்பதைப் பார்ப்போம். நரம்பணுவைத் தூண்டும் முதன்மை வேதிப்பொருள் குளுட்டமேட். அடக்கும் முதன்மை வேதிப்பொருள் காபா. காபாவை ஏற்கும் ஏற்பியில் ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவே ஒரு துளையை விட்டுவைத்திருக்கும். காபா வந்து பொருந்தியதும் துளை திறக்க, வெளியிலிருந்து எதிர்மின் கொண்ட குளோரைடு அயனிகள் உள்ளே பாய்ந்து அணுவைச் சாந்தப்படுத்துகின்றன. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை மதகு என்று சொன்னால் எளிதில் விளங்கும். மழைக்காலத்தில் காவேரிப்பாக்கம் ஏரியின் கரை உடையாமலிருக்க மதகு எப்படி வேண்டுமோ, அப்படியே தூண்டல் ஏறிக்கொண்டே போகும் நரம்பணு கட்டுமீறாமலிருக்கக் காபா ஏற்பி வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் இரண்டு முக்கியமான மருந்து வகைகளும் இந்த மதகில்தான் கை வைக்கின்றன. டயசபமும் மிடசோலமும் மதகு அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன; பீனோபார்பிட்டால் திறந்த மதகு நெடுநேரம் மூடாமல் பார்த்துக்கொள்கிறது. ஒரே துளைதான், ஆனால் அதைத் திறப்பதில் ஒன்று எண்ணிக்கையைக் கூட்டுகிறது, மற்றொன்று நேரத்தை நீட்டுகிறது.

இந்த மதகுகள் கரையில் நிலையாகப் பதிக்கப்பட்டவை அல்ல என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கும் செய்தி. நரம்பணு ஓயாமல் தன் ஏற்பிகளைச் சவ்விலிருந்து உள்ளே இழுத்துக்கொள்வதும் மீண்டும் மேற்பரப்புக்கு அனுப்புவதுமாக இருக்கிறது. ஏற்பியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் தொகுதி, "இதைத் தொடாதே" என்று கட்டிவைத்த அடையாளம்போல் அதை மேற்பரப்பிலேயே நிறுத்தி வைக்கிறது. வலிப்பு நீளும்போது அந்த அடையாளங்கள் அவிழ்ந்துவிடுகின்றன. அவை நீங்கிய ஏற்பியை ஓர் இணைப்புப் புரதம் பற்றிக்கொள்கிறது. உடனே கிளாத்ரின் என்னும் மூன்று கைகள் கொண்ட புரதங்கள் ஒன்றோடொன்று கைகோத்து, ஏற்பி இருக்கும் சவ்வுப் பகுதியைச் சுற்றி உண்மையாகவே ஒரு கூடையைப் பின்னி, அதை அப்படியே கிள்ளி உள்ளே இழுத்துவிடுகின்றன. வெளியே காபா காத்திருக்கிறது, அது வந்து பொருந்துவதற்குரிய ஏற்பியோ அணுவுக்குள் கூடையில் கிடக்கிறது. அதே வேளையில் குளுட்டமேட்டை ஏற்கும் என்எம்டிஏ ஏற்பிகள் எதிர்த்திசையில் பயணம் செய்து மேற்பரப்பில் கூடுகின்றன. வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும்போது மதகுகளைப் பெயர்த்தெடுத்துவிட்டு வரத்துக் கால்வாயை அகலப்படுத்துவதற்கு இது ஒப்பாகும்.

இந்த இயக்கம் பெரும்பாலும் எலிகளின் மூளையில் கண்டறியப்பட்டது. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், வலிப்பு தொடங்கிப் பத்து நிமிடத்தில் அதை அடக்கப் போதுமாக இருந்த டயசபத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு, நாற்பத்தைந்து நிமிடம் கடந்தபின் தேவைப்பட்டது. மருந்து மாறவில்லை, அது பொருந்தும் ஏற்பிகளே குறைந்துவிட்டன. நேரம் கடந்துவிட்ட வலிப்புக்கு மருத்துவர்கள் சில வேளைகளில் கீட்டமின் என்னும் மயக்க மருந்தைக் கொடுப்பதும் இதனால்தான், ஏனெனில் அது மேற்பரப்பில் பெருகிவிட்ட என்எம்டிஏ ஏற்பிகளை அடைக்கிறது. ஐந்தாம் நிமிடம் என்பது இயற்கை கிழித்த கோடன்று. ஒன்றிரண்டு நிமிடத்தில் நிற்க வேண்டியது ஐந்தாகியும் நிற்கவில்லையென்றால் மூளையின் சொந்தத் தடுப்பு தோற்றுவிட்டது என்று கொள்ளலாம். ஏற்பிகள் மேற்பரப்பில் போதிய அளவு மிஞ்சியிருக்கும்போதே மருந்து உள்ளே போக வேண்டும். மருத்துவர் சொன்ன ஐந்து நிமிடத்தின் பொருள் இதுவே. ஒரே நாளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வலிப்புகள் வந்தாலும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே நினைவு திரும்பாவிட்டாலும், அதையும் அவசரமாகவே கருத வேண்டும்.

வீட்டில் வைத்துக்கொள்ள மருத்துவர் எழுதித் தரும் மருந்து டயசபமாக இருந்தால் ஆசனவாய் வழியாகவும், மிடசோலமாக இருந்தால் மூக்கில் தெளித்தும் கொடுக்கச் சொல்வார். எவ்வளவு என்பது நாயின் எடையைப் பொறுத்து அவர் முடிவு செய்ய வேண்டியது. வலிப்பில் இருக்கும் நாயின் வாயில் மாத்திரையோ தண்ணீரோ இட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மேலும் வாய்வழி போகும் டயசபத்தை நாயின் கல்லீரல் விரைந்து சிதைத்துவிடுகிறது. ஆசனவாய்க்கு அருகிலுள்ள இரத்த நாளங்களில் ஒரு பகுதி கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போவதால் அந்த வழி பயனளிக்கிறது. டயசபத்தை முன்கூட்டியே பிளாஸ்டிக் ஊசிக்குழலில் ஏற்றி வைக்கக் கூடாது, ஏனெனில் மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வீரியம் குறைந்துவிடும்.

வேலூரில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது வெப்பம். தசைகள் இடைவிடாமல் இறுகித் தளர்வதால் நாயின் உடல் வெப்பம் ஏறுகிறது. இயல்பாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது 41 டிகிரியைத் தாண்டினால் மூளைக்கே ஆபத்து. நமக்குப்போல் உடல் முழுவதும் வியர்க்காத நாய், நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வலிப்பின்போது நாயால் அதுவும் முடியாது. அக்னி நட்சத்திரத்தில், காற்றே அனலாக வீசும் ஒரு நண்பகலில் எங்கள் நாய் மணிக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தபோது, அதன் வயிற்றையும் தொடையிடுக்கையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றிக்கொண்டே மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்தோம். பனிக்கட்டி நீரை ஊற்றினால் தோலிலுள்ள நாளங்கள் சுருங்கி உள்வெப்பம் வெளியேறுவது தடைபடலாம் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

நாய் தன் நாக்கை விழுங்கிவிடும் என்ற அச்சம் தேவையற்றது. அந்த அச்சத்தால் வாயில் கை வைத்தவர்கள்தான் கடிபடுகிறார்கள். மாடிப்படி, கிணற்றடி, கட்டில் விளிம்பு ஆகியவற்றிலிருந்து நகர்த்திவிட்டுத் தலைக்கடியில் பழைய துணியை மடித்து வைத்தால் போதும். வீட்டிலுள்ள மற்ற நாய்களை வேறு அறையில் அடைத்துவிட வேண்டும், அவை துடிக்கும் நாயைத் தாக்குவதுண்டு. வலிப்பு நின்றபின் சில மணி நேரம் நாய் கண் தெரியாததுபோல் சுவரில் முட்டலாம், ஓயாமல் நடக்கலாம், பெரும்பசியோடு தின்னலாம், வளர்த்தவரையே அடையாளம் தெரியாமல் உறுமலாம். நுரை தள்ளுவதைக் கண்டு வெறிநோய் என்று தெருவில் கிளப்பிவிடுகிறவர்கள் உண்டு. வலிப்பு நோயில் நாய் ஓரிரு நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், வெறிநோயிலோ நாளுக்கு நாள் மோசமாகி இறந்துவிடும். ஆயினும் கடி பட்டால் எந்த வாதமும் இன்றிச் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தினசரி மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீனோபார்பிட்டாலின் வலிப்படக்கும் குணத்தை 1912இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரெட் ஹாப்ட்மன், நோயாளிகளைத் தூங்கவைக்கக் கொடுத்தபோது தற்செயலாகக் கண்டார். நாய்களுக்கு இன்றும் அதுவே முதல் வரிசை மருந்து. அது இரத்தத்தில் நிலைபெற இரண்டு வாரமாகும், இடையிடையே இரத்தத்தில் அதன் அளவையும் கல்லீரலையும் சோதிக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் அதுவே பெரும் வலிப்பைக் கொண்டுவரும். மற்றொரு வலிப்பு மருந்தான பொட்டாசியம் புரோமைடு கொடுக்கும் வீடுகளில் நாயின் உணவில் உப்பு ஒரே அளவில் இருக்க வேண்டும்; உப்பிலுள்ள குளோரைடு கூடினால் சிறுநீரகம் புரோமைடையும் சேர்த்து வெளியேற்றிவிடும், கருவாடு போட்ட நாளில் மருந்து குறைந்துபோகும். உண்ணிக்கான மாத்திரைகளில் புளூரலனர், அஃபோக்சொலனர் வகையைச் சேர்ந்தவை சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது; ஆகவே உண்ணி மருந்து வாங்கும்போது வலிப்பு இருப்பதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் முதன்முதலாக வலிப்பு நோய்க்கு மூளை அறுவை நடந்தது வேலூரில்தான். கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1952இல் ஜேக்கப் சாண்டி அதைச் செய்தார். பக்கத்தில் இராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இயங்குகிறது. மனித மூளைக்கும் கால்நடைக்கும் இவ்வளவு செய்த ஒரு மண்ணில், நாயின் மூளைக்கும் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எலிக்கு வலிப்பை நாம் மருந்து கொடுத்து வரவழைக்கிறோம். நாய்க்கோ மனிதருக்கு வருவதுபோலவே அது தானாக வருகிறது. ஓர் இத்தாலிய நாய் இனத்தின் குட்டிகளுக்கு வரும் வலிப்புக்குக் காரணமான மரபணுவை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் கண்டுபிடித்தபோது, அது மனிதரில் வலிப்பு உண்டாக்கும் ஒரு மரபணுவின் நெருங்கிய உறவு என்பது தெரிந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களில் இதைப்போலத் தேடினால் நமக்கு என்ன கிடைக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

குடியாத்தம் ஆசிரியை, மருத்துவர் ஏன் இன்னும் தினசரி மாத்திரை எழுதவில்லை என்றும் கேட்டிருந்தார். ஆறு மாதத்துக்குள் இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும், அல்லது ஒரே நாளில் தொடராகவோ ஐந்து நிமிடத்தைத் தாண்டியோ வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவாக மருந்தைத் தொடங்கும் அளவுகோல். அவர் நாய்க்கு வந்தது ஒரே ஒரு முறை. இப்போதைக்கு அவர் செய்ய வேண்டியது, அவசர மருந்தை அனைவருக்கும் தெரிந்த ஓரிடத்தில் வைத்துவிட்டு, நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிடுவதுதான். அதில் தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், அதற்கு முந்தைய நாள் தின்றது, பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவற்றை எழுதிவரட்டும்.