சின்ன ஸ்பீக்கரில் வந்த பீட்டில்ஸ்

1964 பிப்ரவரி 9, ஞாயிறு இரவு 8 மணி. அமெரிக்காவில் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் எட் சல்லிவனின் பல்சுவை நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நியூயார்க் ஸ்டூடியோவிலிருந்து நேரலையில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு ஐந்து பாட்டுப் பாடியது. அதற்கப்புறம் அமெரிக்கப் பையன்கள் கிடாரும் கையுமாக அலைந்தார்கள்.

இத்தனைக்கும் வீட்டில் கேட்ட சத்தம் சுமார் ரகம்தான். அன்றைய டிவி பெட்டிகள் பலவற்றில் இருந்தது உள்ளங்கையளவு ஸ்பீக்கர். அந்தச் சின்னக் காகிதக் கூம்பால், தாழ்ந்த ஒலிக்குத் தேவையான அளவு காற்றைத் தள்ள முடியாது. குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த, தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிடாரில் மிகத் தடித்த தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். அது அந்த ஸ்பீக்கரில் வரவே வராது. ஆனாலும் பேஸ் கேட்கிற மாதிரியே இருக்கும். காரணம், தந்தியை மீட்டும்போது 41 மட்டும் எழுவதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே எழும். அவற்றில் மேலே உள்ளவை எப்படியோ ஸ்பீக்கரைத் தாண்டி வந்துவிடும். அவற்றுக்கிடையே உள்ள சீரான இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, காணாமல்போன அடிச் சுருதியை மூளையே போட்டு நிரப்பிக்கொள்ளும். குழுவில் கூடப் பாடிய ஜான் லென்னனின் மைக் அன்று சன்னமாகத்தான் கேட்டது. அதற்கு மூளையிடம் மருந்து கிடையாது.

சரி, சத்தம் இந்த லட்சணம் என்றால் சாதித்தது எது? குளோஸ்-அப் என்பேன். கேமரா ஒவ்வொரு முகமாகப் போய் நின்றது, திரையில் பெயர் வந்தது. லென்னனுக்கு மட்டும் கூடுதலாக, ‘மன்னிக்கவும் பெண்களே, இவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது’. பையன்களுக்கோ கண் விரல்களில். மூன்று கிடார், ஒரு டிரம் செட்; ஆர்கெஸ்ட்ரா இல்லை, பாடுகிறவர்களே வாசிக்கிறார்கள். இசைத்தட்டு காட்டாத விஷயம் இது. பிற்பாடு பெரிய பாடகர்களான பில்லி ஜோயலும் (அன்று வயது 14) டாம் பெட்டியும் (13) டிவி முன்னால் இருந்தார்கள். தாங்கள் இசைக்கு வர அந்த இரவே தூண்டுதல் என்று பின்னாளில் இருவருமே சொல்லியிருக்கிறார்கள்.

பல்சுவை என்பதும் ஒரு தந்திரம்தான். பீட்டில்ஸுக்கு அடுத்து ஃப்ரெட் காப்ஸ் மேஜிக் செய்தார், பாவம். அப்பாவுக்கு நகைச்சுவை, பிள்ளைகளுக்குப் பாட்டு என்று மொத்தக் குடும்பமும் ஒரே பெட்டி முன்னால். நாடு முழுக்க இருந்ததே மூன்று பெரிய நெட்வொர்க்குகள். அதனால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘நீ டிரம்ஸ் வாசிக்கிறாயா?’ என்று நேரே கேட்டுவிடலாம்.