முதுகெலும்பிலி: சொல் விளக்கம்

ஈரநிலத்தையும் அங்கே இரைதேடும் வாத்துகளையும் பற்றிய நூல்களில் வரும் 'இன்வெர்டிபிரேட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதுகெலும்பிலி என்பதே பொருத்தமான சொல். லத்தீனில் 'வெர்டிபிரா' என்றால் முதுகெலும்பின் ஒரு கணு. திரும்புதலைக் குறிக்கும் 'வெர்டெரே' என்ற வினையில் பிறந்தது. 'இன்' எதிர்மறை முன்னொட்டு. தமிழில் அந்த எதிர்மறை, ஏதிலி என்பதில் போல, 'இலி' என்று கடைசியில் நிற்கிறது. பிரான்சின் லமார்க் 1801இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே முதுகெலும்பற்ற விலங்குகள் என்ற தொகுப்புப் பெயர் இருக்கிறது.

பாடநூல்களில் காணும் 'முதுகுநாணற்றவை' வேறு பொருள் தரும். நாண் என்பது முதுகுப்புறம் ஓடும் வளையக்கூடிய தண்டு, எலும்பு அன்று. அசிடியன் என்னும் கடலுயிரியின் லார்வாவுக்கு வாலில் நாண் உண்டு, முதுகெலும்பு கிடையாது. 'புழுபூச்சி' பேச்சில் இயல்பாக வருகிறது. ஆனால் நத்தையும், நீர்த்தெள்ளு என்னும் நுண்ணிய ஓட்டுயிரியும் அதில் அடங்கா. வாத்துகளைப் பொறுத்தவரை இது சின்ன விடுபடல் அல்ல. முட்டையிடும் பெட்டைக்கு ஓட்டுக்கான சுண்ணச்சத்து நத்தையிலிருந்தும் கிடைக்கிறது. தட்டைவாயன் என்னும் வாத்தோ, அலகின் சீப்புப் பற்களால் நீர்த்தெள்ளையும் வடிகட்டி உண்கிறது.

வலசை வாத்துகள் பறக்கும் ஆற்றலுக்கு விதைகளை உண்ணும். புதுச் சிறகு முளைக்கவும் முட்டை உருவாகவும் புரதம் வேண்டும். விதையில் அது போதாது. கொசுவைப் போன்றிருந்தும் கடிக்காத பூச்சியான கைரோனோமிடின் லார்வாவில் உலர் எடையில் ஏறத்தாழ பாதி புரதம்தான். சேற்றைக் கையில் அள்ளி நீரில் அலசினால் நூல்போல் நெளியும் சிவப்பு உடல்கள் தெரியும். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழ உதவும் ஹீமோகுளோபினே அந்தச் சிவப்பு. 'இரத்தப்புழு' என்ற பெயர் நிறத்துக்குப் பொருந்தும். உயிர் புழுவன்று, பூச்சியின் இளம்பருவம். ஆல்கஹாலில் இட்டால் சிவப்பு வெளுத்துவிடும், எனவே நிறத்தை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

'மேக்ரோ இன்வெர்டிபிரேட்' என்பதைப் 'பெரு முதுகெலும்பிலி' என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படிப்பவர் நண்டளவு உயிரை நினைத்துக்கொள்வார். வெறும் கண்ணுக்குத் தெரிவது, நடைமுறையில் 0.5 மி.மீ. துளையுள்ள வலையில் நிற்பது என்பதே கருத்து. 'கண்காண் முதுகெலும்பிலி' எனலாம். 1 மி.மீ. வலை போட்டால் இளம் லார்வாக்கள் நழுவிப்போகும். உணவு நிறைந்த குளமும் வெறுங்குளம் என்று கணக்கில் ஏறும்.

'உணவு இருக்கிறது' என்பதும் 'வாத்துக்குக் கிடைக்கிறது' என்பதும் ஒன்றல்ல. தலையை முக்கி மேயும் ஊசிவால் வாத்து போன்றவற்றுக்கு நீர் ஏறத்தாழ 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மதகைத் திறந்து ஒரேயடியாக வடித்தால் உயிர்களும் நீரோடு போய்விடும், மிஞ்சியவை காய்ந்து மடியும். வாரத்துக்குச் சில செ.மீ. என்று மெல்ல இறக்கினால் அவை ஆழங்குறைந்த ஓரங்களில் செறியும். வாத்துகள் அங்கேதான் கூடும்.