காமன் ரெயில்: தண்டவாளம் அல்ல, தேக்கம்

கனரக லாரியின் பழுதுப் பதிவில் ‘ரெயில் பிரஷர் குறைவு’ என்று இருந்தால், இத்துறைக்குப் புதியவருக்கு நினைவில் ஓடுவது புகைவண்டிதான். தமிழில் ரெயில் என்றால் வண்டி. அதைத் தாங்கும் இரும்புக்குத் தண்டவாளம் என்று தனிப்பெயர் உண்டு. இன்றைய டீசல் எஞ்சினில் உள்ள ரெயிலோ, அதாவது ‘காமன் ரெயில்’, இரண்டும் அல்ல.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதற்பொருள் நீண்ட கம்பி அல்லது சட்டம். மாடிப்படிக் கைப்பிடியும் ரெயில்தான், துண்டு தொங்கவிடும் கம்பியும் ரெயில்தான். பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘ரெகுலா’வில் போய் முடியும் சொல் இது. ரெகுலா என்றால் நேரான கோல், அளவுகோல். அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் ரெகுலேட்டர். ஆக, எரிபொருள் அமைப்பில் அருகருகே இருக்கும் ரெயிலும் பிரஷர் ரெகுலேட்டரும் சொல் வகையில் உறவினர்கள். எஞ்சினின் மேற்பகுதியில் சிலிண்டர் வரிசையை ஒட்டிக் கோல்போல் நீண்டு கிடக்கும் தடித்த எஃகுக் குழாய்க்கு இந்தப் பெயர் பொருத்தமாகவே அமைந்தது. ‘காமன்’ என்பது இங்கே சாதாரணம் என்ற பொருளில் வரவில்லை; சிலிண்டர்களுக்குள் டீசலைப் பீச்சும் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொது என்ற பொருளில் வருகிறது.

கருத்து பழையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விக்கர்ஸ் நிறுவனம் நீர்மூழ்கிக் கப்பல் எஞ்சின்களில் இயந்திர முறையிலான பொதுக்குழாயைப் பயன்படுத்தியது. மின்னணுக் கட்டுப்பாட்டுடன் அது சாலைக்கு வந்தது 1995இல், ஜப்பானின் டென்சோ நிறுவனம் உருவாக்கிய அமைப்புடன், ஹினோ லாரியில். கார்களில் 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 வந்தபோதுதான் பெயர் பரவலாகப் பேசப்பட்டது. காருக்கு முன்பே லாரி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ‘பொது இருப்புப்பாதை’ என்று மொழிபெயர்த்தால் சிரிப்புத்தான் வரும். ‘பொதுக்குழாய்’ தவறில்லை, ஆனால் போதாது: டாங்கிலிருந்து வரும் குழாயும் குழாய்தான், திரும்பிப் போகும் குழாயும் குழாய்தான். இந்தக் குழாயின் வேலை கடத்துவது மட்டும் அல்ல, தேக்கி வைப்பது. பழைய பம்பு அமைப்பில் ஒவ்வொரு பீச்சலுக்கும் அந்தந்த நேரத்தில் அழுத்தம் எழுப்பப்பட்டது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அழுத்தமும் தாழும். காமன் ரெயிலில் உயர் அழுத்தப் பம்பால் அழுத்தத்தைத் தனியாக எழுப்பித் தேக்கிவிட்டு, தேவையான நொடியில் இன்ஜெக்டரைத் திறக்கிறார்கள். ஆகவே ‘பொதுத் தேக்கக்குழாய்’ என்பதே என் தேர்வு. சற்று நீளம்தான். ஆனால் பழுது பார்ப்பவருக்கு வழிகாட்டும் சொல் அது.

பிரஷருக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அழுத்தம். இலங்கைத் தமிழில் அமுக்கம். அங்கே குருதி அமுக்கம், இங்கே இரத்த அழுத்தம். இரண்டும் நல்ல தமிழே. எஞ்சினைப் பொறுத்தவரை நான் அவற்றைப் பிரித்து வைக்க விரும்புகிறேன்: விசை தரும் நெருக்கடிக்கு அழுத்தம், கன அளவு சுருங்குவதற்கு அமுங்கல். சிலிண்டரில் காற்று அமுங்குகிறது. திரவம் அமுங்காது என்று பள்ளியில் படித்தோம். 2,000 பார் அழுத்தத்தில் டீசலும் ஓரளவு அமுங்கவே செய்கிறது. கனரக லாரியின் டயரில் இருப்பது ஏறத்தாழ 8 பார் என்பதை நினைத்தால் இந்த அழுத்தத்தின் மூர்க்கம் புரியும். டீசலைப் புகைபோன்ற நுண்துளிகளாக உடைக்க அவ்வளவு தேவைப்படுகிறது.

தேக்கம் என்று புரிந்துகொண்டால் பழுது தேடும் வழியும் அதிலேயே இருக்கிறது. தேக்கத்தில் மட்டம் குறைந்தால் மூன்றே காரணங்கள்: வரத்து குறைவு, கசிவு அதிகம், அல்லது மட்டம் காட்டும் அளவி பொய் சொல்கிறது. பணிமனைப் பேச்சில் மூன்றுக்கும் ‘பிரஷர் இல்லை’ என்ற ஒரே வாக்கியம்தான். விலையுயர்ந்த உயர் அழுத்தப் பம்பு அவசரத்தில் கழற்றப்படுவதற்கு இந்த வாக்கியமும் ஒரு காரணம் என்பேன்.

‘லோ பிரஷர்’ இன்னும் மோசம். டாங்கிலிருந்து உயர் அழுத்தப் பம்பு வரையிலான பகுதிக்கும் அந்தப் பெயர், அழுத்தம் தாழ்ந்துபோன பழுதுக்கும் அதே பெயர். தமிழில் எளிதாகப் பிரிக்கலாம்: முன்னதைத் தாழ்வழுத்தப் பகுதி என்றும், பின்னதை அழுத்தக் குறைவு என்றும் சொன்னால் குழப்பம் இல்லை. லாரி எஞ்சின்களின் கணினி காட்டும் ஜே1939 என்ற தரப்படுத்திய பழுதுக் குறியீடு இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. அதில் எஸ்.பி.என். எண் எந்த அளவில் பழுது என்று சொல்கிறது. எஸ்.பி.என். 94 என்றால் தாழ்வழுத்தப் பகுதியில் பம்பு தள்ளும் எரிபொருளின் அழுத்தம், எஸ்.பி.என். 157 என்றால் தேக்கக்குழாயின் அழுத்தம். உடன் வரும், பழுதின் வகையைச் சொல்லும் எஃப்.எம்.ஐ. எண்ணையும் படிக்க வேண்டும். 157உடன் 18 வந்தால் அழுத்தம் இயல்புக்குக் கீழே இருப்பதாக எஞ்சின் கணினி கருதுகிறது. 157உடன் 3 அல்லது 4 வந்தால் பிரச்சினை மின்னழுத்தத்தில்: சென்சார், வயர், கனெக்டர். டீசலோடு அதற்குத் தொடர்பே இல்லாமல் இருக்கலாம்.

முதலில் அளவியை, அதாவது அழுத்த சென்சாரை, சோதிப்பது மலிவு. சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், ஸ்கேனரில் பார்த்தால் நெடுநேரம் நின்ற வண்டியில் அழுத்தம் பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். 5 வோல்ட் ஊட்டப்படும் சென்சார் அந்த நிலையில் பெரும்பாலும் 0.5 வோல்ட் அளவில் திருப்பித் தரும். நிற்கும் எஞ்சினில் நூறு பார் காட்டினால் சந்தேகம் சென்சார் மேல்தான்.

அடுத்தது வரத்து. இதில் மறைந்திருக்கும் இன்னொரு ‘பிரஷர்’ உண்டு: ஃபீட் பம்பு டாங்கிலிருந்து இழுக்கும் பக்கத்தில் இருப்பது வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தம். அதை உறிஞ்சல் என்றே சொல்லலாம். பாதரச மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். ஃபில்டர் அடைத்தாலோ, டாங்கினுள் உறிஞ்சுகுழாயின் வாயில் குப்பை சேர்ந்தாலோ உறிஞ்சல் ஏறும், பின்னால் தள்ளும் அழுத்தம் இறங்கும். சும்மா ஓடும்போது எதுவும் தெரியாது. மேட்டில் பாரத்தோடு ஏறும்போது வண்டி இழுக்காது. இந்தப் பக்கத்தில் குழாய் வெடித்திருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். வெளியே ஈரமில்லை என்பதால் கசிவில்லை என்று முடிவு செய்வது இங்கேதான் ஏமாற்றுகிறது. உறிஞ்சும் வழியில் தெளிந்த குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்திப் பார்த்தால் குமிழிகள் காட்டிக்கொடுத்துவிடும். காற்று எளிதில் அமுங்கும் என்பதால் தேக்கக்குழாயின் அழுத்தமும் நிலையில்லாமல் ஆடும்.

கசிவுக்கு அறிகுறி வேறு. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. இன்ஜெக்டர்களைத் திறக்கக் கணினி அனுமதிக்கும் குறைந்தபட்ச அழுத்தம் பல எஞ்சின்களில் ஏறத்தாழ 200 பார். தேய்ந்த இன்ஜெக்டர்கள் வழியே ரிட்டர்ன் லைனுக்கு டீசல் ஓடிக்கொண்டிருந்தால் அந்த அளவை எட்ட முடியாது. சூடான எஞ்சினில் இது மிகும், ஏனெனில் சூடான டீசல் நீர்த்துப்போய் நுண்ணிய இடைவெளிகளிலும் நழுவும். காலையில் பிடித்து, ஓடி நின்ற பிறகு பிடிக்க மறுக்கும் வண்டியில் இன்ஜெக்டர்களின் திரும்பும் அளவை ஒவ்வொன்றாக அளந்து ஒப்பிடுவது பயன் தரும். தேக்கக்குழாயின் முனையில் உள்ள அழுத்த வரம்பு வால்வையும் விட்டுவிடக் கூடாது. மிகையழுத்தத்தில் ஒருமுறை திறந்தது சரியாக மூடாமல் போனால், முழுத் தேக்கமும் அதன் வழியே வடியும்.

பழைய எஞ்சினில் நட்டைச் சற்றுத் தளர்த்திக் காற்றெடுத்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் தேக்கக்குழாயின் இணைப்பைத் தளர்த்தவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாரை கையுறையையும் தோலையும் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். காயம் ஊசிமுனை அளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது அது. கசிவைத் தேட அட்டையைப் பிடிக்க வேண்டும், விரலை அல்ல.

இன்ஜெக்டருக்கு நூல்களில் உட்செலுத்தி என்கிறார்கள். பணிமனைகளில் நாசில் என்றும் சொல்வதுண்டு, உண்மையில் நாசில் அதன் முனை மட்டுமே. மருந்தும் உட்செலுத்தப்படுகிறது, நிதியும் உட்செலுத்தப்படுகிறது. டீசலுக்கு அச்சொல் சற்று வெளிறியது. பால் பீச்சுவதும் பீச்சாங்குழலும் உள்ள மொழியில் ‘பீச்சி’ என்று மூன்றே எழுத்தில் முடித்துவிடலாம்: தேக்கக்குழாய் தேக்கும், பீச்சி பீச்சும்.