எந்த மருந்து, எந்த நாள்?

"இந்த மாத்திரை வயிற்றில் இருக்கும் கருவைப் பாதிக்குமா?" நான் மீன் கருக்களை வைத்து ஆராய்ச்சி செய்பவன் என்று தெரிந்ததும் பலர் கேட்கும் கேள்வி இது. மருந்தைப் பற்றி மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேள்வியில் பாதி விடுபட்டிருக்கிறது. மருந்தின் பெயரோடு, அது கருவின் எந்த நாளில் உள்ளே போனது என்பதையும் கேட்க வேண்டும். ஏன் என்பதை மீன் கருவைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

நாங்கள் பயன்படுத்துவது வரிக்குதிரை மீன். அதன் கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது, உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். 28.5 டிகிரி செல்சியஸில் வைத்தால், கருவுற்ற முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகும். பிறகு கால் மணிக்கு ஒருமுறை பிரிந்து, 3 மணி நேரத்தில் ஆயிரம் செல்களை எட்டும். 24 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். மனிதக் கருவில் வாரக்கணக்கில் நடப்பது இங்கே ஒரே நாளில் நடந்துவிடுகிறது.

அந்த ஆயிரம் செல்களில் எது முதுகாக வேண்டும், எது வயிறாக வேண்டும் என்று பார்த்துச் சொல்லவே முடியாது. அதைத் தீர்மானிப்பவை செல்கள் வெளியே சுரக்கும் சமிக்ஞைப் புரதங்கள். அவை அடுத்த செல்லின் ஏற்பியில், அதாவது சமிக்ஞையைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில், ஒட்டிக்கொண்டு, அதற்குள் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றுகின்றன. நோடல், பிஎம்பி, விண்ட், எஃப்ஜிஎஃப், ஹெட்ஜ்ஹாக் என்று சில குடும்பங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மீனிலும் மனிதரிலும் இதே குடும்பங்கள்தான்.

ஆறாவது மணி நேரத்தில் நுண்ணோக்கியின் கீழ் கருவை மெதுவாக உருட்டிப் பாருங்கள். செல்கள் மஞ்சள்கருவின் மேல்பாதியை மூடியிருக்கும். மூடியதன் விளிம்பு சுற்றிலும் சற்றுத் தடித்திருக்கும். அதில் ஓரிடம் மட்டும் புடைத்துத் தெரியும். அதற்குக் கேடயம் என்று பெயர். மீனின் முதுகு அந்தப் பக்கம்தான் உருவாகப் போகிறது. கேடயத்தின் செல்கள் கார்டின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது பிஎம்பியைப் பிடித்து வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அதனால் முதுகுப் பக்கம் பிஎம்பி மிகக் குறைவு, எதிர்ப்பக்கம் மிக அதிகம். ஒவ்வொரு செல்லும் தனக்கு எவ்வளவு பிஎம்பி வந்தது என்பதைப் பொறுத்தே நரம்பாகவோ தோலாகவோ இரத்தமாகவோ மாறுகிறது. பிஎம்பி மரபணு பழுதான கருவில் முதுகுப் பக்கத் திசுக்களே பெருகி, உடல் நத்தை ஓடு போலச் சுருண்டுவிடும். கார்டின் பழுதானால் நேர்மாறு: தலை சிறுத்து, வால் பக்கம் இரத்தச் செல்கள் மிகுந்திருக்கும்.

ஒரு கருவின் கேடயத்தை எடுத்து இன்னொரு கருவின் எதிர்ப்பக்கத்தில் வைத்தால், அங்கே இரண்டாவது உடல் அச்சு உருவாகத் தொடங்கும். நீர்ப்பல்லியில் இதற்கு இணையான பகுதியை வைத்து ஹான்ஸ் ஸ்பேமானும் ஹில்டே மான்கோல்டும் 1924-இல் இதைக் காட்டினார்கள். ஸ்பேமானுக்கு 1935-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நேரத்துக்கு வருவோம். பிஎம்பியை முன்கூட்டியே தடுத்தால் தலைப்பகுதியும் கெடும். சில மணி நேரம் கழித்துத் தடுத்தால் தலை தப்பிவிடும், உடலின் பின்பகுதிதான் கெடும். தடுக்கப்பட்டது அதே புரதம்தான், ஆனால் கெட்ட உறுப்பு வேறு. தலையிலிருந்து வால் நோக்கி ஒவ்வொரு பகுதியும் தன் முறை வரும்போதுதான் அந்தச் சமிக்ஞையைக் கவனிக்கிறது. இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பாலூட்டிகளிலும் இப்படித்தான். 1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செம்மறி ஆடுகளுக்கு ஒற்றைக் கண் குட்டிகள் பிறந்தன. சினை பிடித்த 14-ஆம் நாளை ஒட்டித் தாய் ஆடு ஒரு காட்டுச் செடியைத் தின்றிருந்தால்தான் அப்படி ஆனது. அந்தச் செடியில் இருந்த சைக்ளோபமைன் என்ற பொருள் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைத் தடுக்கிறது என்பது 1990-களின் பிற்பகுதியில்தான் தெரிந்தது. ஒரே கண் பகுதியாகத் தொடங்குவதை இரண்டாகப் பிரிக்க அந்தச் சமிக்ஞை தேவை. இதே சமிக்ஞையைத் தடுக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்து ஒருவகைத் தோல் புற்றுநோய்க்காக 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தரப்பட்ட தாலிடோமைடு என்ற மருந்து, குழந்தைகள் கைகால் சரியாக வளராமல் பிறந்ததால் 1961-இல் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. கருவுற்ற ஏறத்தாழ 20 முதல் 36 நாட்களுக்குள் அது உள்ளே போன குழந்தைகளே பெரும் பாதிப்புக்கு ஆளானார்கள். அது செல்லுக்குள் செரிப்ளான் என்ற புரதத்தைப் பிடிக்கிறது என்பதை 2010-இல் கண்டுபிடித்தபோது, வரிக்குதிரை மீனின் துடுப்பு வளர்ச்சி முக்கியச் சான்றாக இருந்தது. எலிகளின் கால்களை அந்த மருந்து அப்படிக் கெடுப்பதில்லை. அதனால் ஓர் உயிரினத்தில் பாதிப்பு இல்லை என்பதை வைத்து மனிதருக்கும் ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. மீனுக்கும் இது பொருந்தும். மீனுக்கு நஞ்சுக்கொடி கிடையாது, சில பொருட்கள் முட்டையின் மேலுறையைத் தாண்டி உள்ளே போவதும் இல்லை. மீன் கருவில் சோதித்தது என்பதை மட்டும் காட்டி யாராவது ஒரு பொருளை விற்றால் நம்பாதீர்கள்.

மனிதக் கருவில் மூளையும் தண்டுவடமுமாக மாறும் நரம்புக்குழாய் 28-ஆம் நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். பல பெண்களுக்குக் கர்ப்பம் தெரியவருவதே அந்த நாட்களில்தான். தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பிருந்தே எடுக்கச் சொல்வது இதனால்தான். கடும் முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின், கருவுக்குள் சமிக்ஞையாக வேலை செய்யும் ரெடினாயிக் அமிலத்தின் இன்னொரு வடிவம். அதை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் கழித்தே கருத்தரிக்க வேண்டும். வலிப்பு மருந்து எடுப்பவர்கள் பயந்துபோய்த் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பும் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசினால் மருந்தையோ அளவையோ மாற்ற வழி இருக்கலாம்.

கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள், நான் மேலே எழுதியவை கருவுற்றதிலிருந்து எண்ணியவை. அதனால் "ஆறு வாரம்" என்று சீட்டில் இருந்தால் கருவின் வயது ஏறத்தாழ நான்கு வாரம். தெரியாமல் ஏதாவது மருந்து எடுத்திருந்தால், கடைசி மாதவிடாய்த் தேதி, மருந்தைத் தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.