ஆற்றில் சுண்ணாம்பு ஊற்றும் ஊர்

டோக்கியோவில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். சனி, ஞாயிறு விடுமுறைக்கு அலுவலகத் தோழிகளோடு குசாட்சு என்ற மலையூருக்கு வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போயிருக்கிறார். கழற்ற மறந்த வெள்ளி மோதிரம் ஒரே குளியலில் கறுத்துவிட்டது. சரி, அதைக்கூட விடுங்கள், மறுநாள் காலையில் நடக்கப் போனபோது, ஊருக்குக் கீழே ஓடும் ஓடையில் தொழிற்சாலை மாதிரி இருந்த ஒரு கட்டடத்திலிருந்து பால் போல வெள்ளையாக எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார்களாம். "குப்பைத்தொட்டி இல்லையென்றால் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறவர்கள், ஆற்றில் இப்படிக் கழிவை விடலாமா?" என்பது முதல் கேள்வி. சொரியாசிஸ் என்ற தோல்நோய் உள்ள அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்து அங்கே கூட்டிப்போகலாமா என்பது இரண்டாவது.

அது கழிவே இல்லை. அந்த வெள்ளைத் தண்ணீர் 1964 முதல் இரவு பகலாக, வருடத்தில் ஒரு நாள்கூட விடாமல் ஊற்றப்படுகிறது. நிறுத்தினால் கீழே உள்ள ஆறு செத்துப்போகும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அங்கே போய்ச் சேர, முதலில் தண்ணீர் ஏன் அப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குசாட்சு குன்மா மாகாணத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டோக்கியோவின் உவெனோ ரயில் நிலையத்தில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் அடிவார நிலையம், அங்கிருந்து பஸ். ஊர் நடுவே யுபடாகே என்ற ஊற்று, ஆவி பறக்க நிமிடத்துக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீரைத் தானாகவே வெளியே தள்ளுகிறது. ஊரின் எல்லா ஊற்றுகளையும் கூட்டினால் நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல். மோட்டார் போடாமல், துளையிட்டு உறிஞ்சாமல் இவ்வளவு வெந்நீர் வரும் ஊர் ஜப்பானில் வேறு இல்லை.

அந்தத் தண்ணீரின் பிஎச் அளவு (நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், 7 என்றால் நடுநிலை, குறையக் குறைய அமிலம் கூடும்) சுமார் 2, அதாவது எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. 1970-இல் கந்தகச் சுரங்கம் தோண்டியபோது பீறிட்ட பண்டாய்கோ என்ற ஊற்று இன்னும் மோசம்: வெப்பம் 95 டிகிரி செல்சியஸ், பிஎச் 2-க்கும் கீழே.

காரணம் ஊருக்குப் பின்னால் நிற்கும் குசாட்சு ஷிரானே எரிமலை. பூமிக்கடியில் உருகிய பாறையிலிருந்து கந்தக டை ஆக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடும் பிரிந்து மேலே வருகின்றன. வழியில் மழைநீர் ஊறிச் சேர்ந்த நிலத்தடி நீர் அவற்றை வாங்கிக்கொள்கிறது. ஹைட்ரஜன் குளோரைடு கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், இது பள்ளிப் பாடம். கந்தக டை ஆக்சைடுதான் சுவாரஸ்யம். சூடான நீரில் அதன் மூலக்கூறுகள் நான்கு சேர்ந்தால், மூன்று ஆக்சிஜனை ஏற்றுக் கந்தக அமிலமாகிவிடும், மிச்சமுள்ள ஒன்று ஆக்சிஜனை இழந்து ஹைட்ரஜன் சல்ஃபைடாகிவிடும். அழுகிய முட்டை நாற்றம் இந்தக் கடைசி ஆளுடையது. மோதிரத்தின் மேல் வெள்ளி சல்ஃபைடாகக் கறுப்புப் பூச்சு போட்டதும் இதுவே. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் இது கந்தகமாகப் படியும். யுபடாகேயில் தண்ணீர் மரக் கால்வாய்கள் வழியாக ஓடும்போது அடியில் படியும் வெளிர்மஞ்சள் பொடி அதுதான், அவ்வப்போது சுரண்டி எடுப்பார்கள். அந்தக் கால்வாய்களின் முக்கிய வேலை ஆற வைப்பது. 50 டிகிரிக்கு மேலே வரும் தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் வீரியம் குறையும் என்று, காற்றிலேயே ஆற விடுகிறார்கள். தொட்டிக்குப் போன பிறகும் ஆறடிப் பலகைகளால் பாட்டுப் பாடிக்கொண்டே கிளறுவார்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு இப்போது அதுவே ஒரு காட்சி.

இந்த நாற்றத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போகும். அதாவது ஆபத்து அதிகமாகும்போது நாற்றம் நின்றுவிடும். 1971 டிசம்பரில் இந்த மலையில் பனிச்சறுக்கு விளையாடப் போன ஆறு பேர் இந்த வாயுவால் இறந்தார்கள்.

மலை உச்சியில் யுகாமா என்று ஓர் எரிமலைவாய் ஏரி இருக்கிறது. பால் கலந்த நீல நிறம், பிஎச் சுமார் 1. அந்த ஏரி நீரில் கந்தகச் சேர்மங்களின் அளவைத் தொடர்ந்து அளந்து வந்த விஞ்ஞானிகள், 1982 வெடிப்பை ஒட்டி அந்த அளவுகள் மாறியதைக் காட்டினார்கள். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருடக்கணக்கில் அளப்பது சலிப்பான வேலை, எந்த நாட்டிலும் இதற்கு நிதி வாங்குவது லேசில்லை, "புதிதாக என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்பார்கள். 2018 ஜனவரி 23 அன்று மலை வெடித்தது. ஆனால் எல்லோரும் கவனித்துக்கொண்டிருந்த யுகாமா பக்கம் இல்லை. நெடுங்காலம் சும்மா இருந்த மோட்டோ ஷிரானே பக்கம் வெடித்தது. முன்னெச்சரிக்கை எதுவும் வரவில்லை, பனிச்சறுக்குப் பயிற்சியில் இருந்த படைவீரர் ஒருவர் இறந்தார். 111 உயிருள்ள எரிமலைகளை வைத்திருக்கும் பணக்கார நாட்டிலேயே இதுதான் நிலைமை. சலிப்பான அளவீடுகளுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, ஆற்றுக்கு வருவோம்.

ஊரில் எல்லோரும் குளித்து முடித்த தண்ணீரும், யாரும் குளிக்காமல் வழியும் தண்ணீரும் யுகவா என்ற ஓடையில் இறங்குகின்றன. யுகவா போய்ச் சேருவது அகாட்சுமா ஆற்றில். அது டோனே ஆற்றில் கலக்கிறது, டோனே ஆறுதான் டோக்கியோ வட்டாரத்தின் முக்கியமான குடிநீர் ஆதாரம். அந்தக் காலத்தில் அகாட்சுமாவுக்குச் சாவு ஆறு என்றே பெயர். மீன் கிடையாது, வயலுக்குப் பாய்ச்ச முடியாது, பாலத்தின் கான்கிரீட் தூண்களே அரித்துப்போயின. யுகவா தண்ணீரில் நீளமான இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் பத்து நாளில் கம்பி போல மெலிந்துவிடும். ஆணி கரைகிறது, மனிதர் ஏன் கரையவில்லை என்று கேட்கலாம். இரும்பு தன் எலக்ட்ரான்களை ஹைட்ரஜன் அயனிக்குக் கொடுத்துவிட்டுக் கரைகிறது. கான்கிரீட்டில் இருப்பது சுண்ணாம்பு, அமிலத்துக்கு அது தீனி. தோலின் மேல் அடுக்கோ கெரட்டின் என்ற புரதம், அதில் உலோகமும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அதனால் சில நிமிடங்களுக்குத் தாங்கும். கண்ணில் பட்டாலோ, சின்ன வெட்டுக்காயம் இருந்தாலோ தெரியும் சேதி.

இந்த அமிலத்தை என்ன செய்வது? ஆற்றுக்குச் சுண்ணாம்பு கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். ஒரு முழு ஆற்றை இப்படி நடுநிலையாக்கும் வேலை உலகத்திலேயே அங்கேதான் முதலில் தொடங்கியது என்கிறார்கள்.

எவ்வளவு வேண்டும்? நாமே கணக்குப் போடலாம். பிஎச் 2 என்றால் ஒரு லிட்டரில் 0.01 மோல் ஹைட்ரஜன் அயனி (அமிலத்துக்குப் புளிப்புத் தருவது இந்த அயனிதான், மோல் என்பது அதை எண்ணும் அலகு). சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட், அதன் ஒரு மோல் இரண்டு மோல் ஹைட்ரஜன் அயனியைத் தின்னும், அதன் எடை 100 கிராம். ஆக லிட்டருக்கு 0.5 கிராம் சுண்ணாம்புக்கல். நிமிடத்துக்கு 32,000 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு சுமார் 4 கோடியே 60 லட்சம் லிட்டர், அதற்கு 23 டன். ஆனால் அவர்கள் நிஜத்தில் போடுவது நாளைக்கு 50 டன்னுக்கும் மேல்! மிச்சம் எங்கே போகிறது? பிஎச் காட்டுவது அந்த நிமிடம் வெளியே திரியும் அமிலத்தை மட்டும்தான். சல்ஃபேட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன், தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு, அலுமினியம் எல்லாம் ஒளிந்திருக்கும் அமிலம், நடுநிலையாக்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக வெளியே வரும். தவிர யுகவா மட்டுமில்லை, பக்கத்தில் ஓசாவா, யாசாவா என்று இன்னும் இரண்டு அமில ஓடைகள் இருக்கின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதைச் செய்யும் விதம். பெரிய தொட்டி கட்டி, கிளறும் இயந்திரம் வைத்து, ஆற்றையே அதற்குள் திருப்பியிருக்கலாம். அதெல்லாம் கிடையாது. சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்து, அந்த ஓடைத் தண்ணீரிலேயே கரைத்து, குழாய் வழியாக ஓடையில் ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான். கிளறுகிற வேலை ஓடையுடையது. மலை ஓடை பாறையில் மோதிப் புரண்டு ஓடும்போது அமிலமும் மாவும் கலக்கின்றன. வினையில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு நீரிலேயே தங்கினால் நீர் லேசாக அமிலமாகவே இருக்கும், வினையும் மந்தமாகும். ஆனால் குதித்து ஓடும் நீரிலிருந்து அந்த வாயு கொப்பளித்து வெளியே போய்விடுவதால் வினை முன்னே போய்க்கொண்டே இருக்கும். (50 டன் கல் முழுசாகக் கரைந்தால் 22 டன் கார்பன் டை ஆக்சைடு. சூழல் ஆர்வலர்கள் இதையும் கணக்கில் வைக்கலாம்.)

இன்னொன்று, ஏன் சுண்ணாம்புக்கல், ஏன் நீற்றின சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ இல்லை? அவை வேகமானவை. ஆனால் ஒரு நாள் ராத்திரி மழையில்லாமல் ஓடை வற்றி, இயந்திரம் மட்டும் அதே அளவு கொட்டினால், ஆறு அமிலத்திலிருந்து கடுங்காரத்துக்குத் தாவிவிடும். தப்பிப் பிழைத்த மீனும் அதில் செத்துவிடும். சுண்ணாம்புக்கல் அப்படி இல்லை. அமிலம் இருக்கும்வரை கரையும், அமிலம் தீர்ந்ததும் கரைவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். தப்புச் செய்தாலும் பெரிய சேதம் வராத வேதியியல். விலையும் மலிவு.

மூன்று ஓடைகளும் கலந்து, வினை முடிந்து, சில கிலோமீட்டர் கீழே ஷினாகி அணையில் வந்து நிற்கின்றன. 1965-இல் கட்டி முடித்த அணை. வெள்ளம் தடுப்பதற்கோ பாசனத்துக்கோ கட்டியது இல்லை, முக்கியமாக வண்டலைப் பிடித்து வைக்கத்தான். கரையாத சுண்ணாம்பு மாவு அங்கே அடியில் தங்கும். பிஎச் 3-ஐத் தாண்டும்போதே இரும்பு கரைசலில் நிற்க முடியாமல் பழுப்பு மஞ்சள் துகளாகப் பிரியும், 5-ஐ நெருங்கினால் அலுமினியமும். இந்த இரும்புத் துகள்கள் ஒரு நல்ல காரியம் செய்கின்றன. எரிமலை நீரில் ஆர்செனிக் கொஞ்சம் இருக்கிறது. அது இந்தத் துகள்களின் மேற்பரப்பில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு சேர்ந்தே அடியில் இறங்கிவிடும். அமிலத்தைக் கொல்லப் போட்ட சுண்ணாம்பு, யாரும் கூப்பிடாமலே ஆர்செனிக்கையும் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. அணைக்குக் கீழே தண்ணீர் பிஎச் 5, 6 என்று போகிறது. மீன் திரும்பியது, பாசனம் வந்தது. 1952-இலேயே பேசத் தொடங்கி, அமில நீரில் அணை கட்டி என்ன பயன் என்று ஒத்திப்போட்ட, அகாட்சுமா ஆற்றின் யன்பா அணைத் திட்டம் இதற்குப் பிறகுதான் உயிர்பெற்று, ஒருவழியாக 2020-இல் முடிந்தது.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஷினாகி அணையில் வண்டல் சேர்ந்துகொண்டே போகிறது, தோண்டி எடுத்தாக வேண்டும். ஆர்செனிக் உள்ள சேற்றை வயலில் கொட்ட முடியாது, அதனால் மலையிலேயே இடம் ஒதுக்கிப் புதைக்கிறார்கள். மலை எத்தனை ஆயிரம் வருடம் அமிலம் கக்கும் என்று கேட்டால் நம் பேரன் பேத்திகள் காலத்திலும் நிற்காது. கல் உடைப்பதும், ஊற்றுவதும், தோண்டுவதும், புதைப்பதும் அதுவரை நடந்தாக வேண்டும்.

இனி அம்மாவின் சொரியாசிஸ். பிஎச் 2-இல் பெரும்பாலான பாக்டீரியாக்கள் சாகும், இது உண்மை. குன்மா பல்கலைக்கழகத்தின் கிளை மருத்துவமனை ஒன்று முன்பு குசாட்சுவில் இருந்தது. அங்கிருந்த மருத்துவர்கள் 1990-களில், தோலில் அரிப்பும் புண்ணும் வரும் அடோபிக் டெர்மடைடிஸ் நோயாளிகளை இந்த நீரில் குளிக்க வைத்து, பலருக்கு நிலைமை தேறியதையும், தோலில் இருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா குறைந்ததையும் பதிவு செய்தார்கள். நல்ல வேலை. ஆனால் மருந்தென்றால், மருந்தில்லாத பொய்மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம், பொய்வெந்நீர் கொடுப்பது எப்படி? உள்ளே இறங்கியதும் எரிவதிலேயே எது அசல் என்று தெரிந்துவிடும். அதனால் எவ்வளவு நீரின் வேலை, எவ்வளவு மலைக்காற்றும் ஓய்வும் செய்த வேலை என்று பிரிப்பது கஷ்டம். அந்த மருத்துவமனையும் இப்போது இல்லை. சொரியாசிஸ் பாக்டீரியா நோயும் இல்லை, உடலின் எதிர்ப்பாற்றல் தோலையே தாக்குவதால் வருவது.

எல்லா நோயையும் தீர்க்கும் நீர் என்ற நம்பிக்கை இந்த ஊரில் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழுநோய் உள்ளவர்கள் ஜப்பான் முழுவதிலிருந்தும் குணமாகும் என்று நம்பி இங்கே வந்தார்கள். 1887 வாக்கில் அவர்களை யுனோசாவா என்ற ஒதுக்குப்புறத்துக்கு அனுப்பினார்கள். 1932-இல் குரியு ரகுசென்-என் என்ற அரசு விடுதி திறந்து அங்கே அடைத்தார்கள். 1938 முதல் 1947 வரை அதற்குள் ஒரு தண்டனைச் சிறை இருந்தது. அதில் 93 பேரை அடைத்தார்கள், 23 பேர் இறந்தார்கள். அந்த நோயைக் குணப்படுத்தியது வெந்நீர் இல்லை, மருந்து. மருந்து வந்த பிறகும் கட்டாயத் தனிமைச் சட்டத்தை ரத்து செய்ய 1996 வரை ஆனது.

ஆகவே அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள், ஆனால் வைத்தியத்துக்கு என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். தோல் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, சாப்பிடும் மருந்தை நிறுத்தாமல் போக வேண்டும். தோல் வெடித்துத் திறந்திருக்கும் நாளில் இறங்க வேண்டாம், எரியும். இரத்த அழுத்தம் இருந்தால் 46, 48 டிகிரித் தொட்டிகள் பக்கமே போகக் கூடாது. பழக்கப்பட்ட உள்ளூர்க்காரர்களே அந்தச் சூட்டில் மூன்று நிமிடம்தான் இருப்பார்கள், முன்பெல்லாம் பக்கத்தில் ஒருவர் நேரம் பார்த்துச் சொல்வதும் உண்டு. 40 டிகிரிக்குக் கீழே உள்ள தொட்டியும் சில குளியலகங்களில் உண்டு, அங்கே சில நிமிடம் போதும். வெளியே வந்ததும் மெல்லிய தோல்காரர்கள் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக்கொள்வது நல்லது.